வீடியோ எடுப்பதற்கு முன்னால் மனு எண் வாங்குங்கள்

2019, மழைக்காலம். வடசென்னையில், ஆலைகள் சூழ்ந்த மணலிப் பக்கம் எங்கள் தெருவில் ஆறு வயசுப் பெண் குழந்தை ஒன்றுக்கு வீசிங் வந்து, விலா எலும்பு தெரியத் தெரிய மூச்சு இழுத்தது. அதை நான் போனில் எடுத்துப் போட்டேன். இரண்டே நாளில் ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். ‘பாவம்’ என்று எழுதினார்கள், கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருத்தர் மட்டும் ‘அம்மாக்காரி என்ன பண்ணிட்டிருந்தா?’ என்று கேட்டிருந்தார். அந்த ஒரு வரிதான் குழந்தையின் அம்மா மனசில் தங்கியது. ஒரு மாதம் கழித்து ஒரு அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மனு ஏதாவது குடுத்திருக்கீங்களாமா?” கொடுக்கவில்லை. “அப்போ நான் எதுமேல கையெழுத்து போடுறது?”

அவர் தட்டிக்கழிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குக் கையெழுத்துப் போட ஒரு தாள் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து மணலி, எண்ணூர், கொடுங்கையூர், வியாசர்பாடி என்று போகிற இடத்திலெல்லாம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நம் உடம்புக்கு நடப்பதைக் கதையாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது யார் காதில் விழ வேண்டும், விழுந்தபின் அவர் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டுச் சொல்ல வேண்டும். நான் நர்ஸ் இல்லை, வக்கீலும் இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒன்பது வருஷம் காலர் தைத்தவள். மகளிர் குழுவில் கணக்கு எழுதி எழுதித்தான் எனக்குத் தாள் மேல் இருந்த பயம் போனது. புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

கேட்பது என்ன, யாரிடம்

‘சுத்தமான காற்று வேண்டும்’ என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். யாரும் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். எங்கள் தெருப் பெண்கள் ரேஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று சாயங்காலம் பேசினோம். அப்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. நடந்து போகிற தூரத்தில் ஒரு நகர்ப்புற சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே மூச்சுத் திணறலுக்கு மருந்தை ஆவியாகக் கொடுக்கிற நெபுலைசர் மெஷினும் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு மூச்சு இழுப்பது பொழுது சாய்ந்த பிறகு, அந்த நேரத்தில் மெஷினைப் போட அங்கே ஆள் இல்லை. ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆகவே எங்கள் கோரிக்கை இப்படி ஆனது: மாலை 5 முதல் இரவு 9 வரை மெஷின் போட ஒரு நர்ஸ். இதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

காற்றை விட்டுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். அது பல வருஷம் ஓடுகிற வேலை. அதற்குள் பிள்ளை மூச்சு விட வேண்டுமே.

அடுத்து, யாரிடம் கேட்பது. இதில்தான் வடசென்னையில் நிறைய பேர் அலைந்து சோர்ந்துபோகிறார்கள். சுகாதார நிலையம், குப்பை, கொசு என்றால் மாநகராட்சி. திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5 என்று மண்டல எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மனுவில் வார்டு எண்ணையும் போடுங்கள். குழாயில் சாக்கடை கலந்தால் மெட்ரோ வாட்டர். புகை, வாடை, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீர் என்றால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 2018-ல் திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டன. காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு இன்றும் திருவள்ளூர் மாவட்டம். கொசஸ்தலை ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கலெக்டர், அந்தப் பக்கம் இன்னொரு கலெக்டர். ஆற்றில் மிதக்கிற எண்ணெய்க்கு இந்த எல்லை தெரியாது, ஆனால் மனுவுக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள்.

சீட்டுகளும் நோட்டும்

கதை கேட்கப் போகும்போது போனை வெளியே எடுக்காதீர்கள். நோட்டு மட்டும் கொண்டுபோங்கள். அதையும் முதல் அரைமணி நேரம் பையிலேயே வைத்திருங்கள்.

‘உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க’ என்று ஆரம்பித்தால் மைக் முன்னால் கட்சிக்காரர்கள் கேட்ட மாதிரி இருக்கும், பதிலும் அதே மாதிரி வரும். நான் கேட்பது சின்னச் சின்னக் கேள்விகள். நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்தீங்க? எழுந்ததும் முதல்ல எதைத் தொட்டீங்க? ஆட்டோ என்ன கேட்டான்? அந்தக் காசை யார்கிட்ட வாங்கினீங்க? மறுநாள் வேலைக்குப் போனீங்களா? நடந்ததை நேரப்படி கேட்டால், அழுகையைத் தேடாமலே முழுக் கதையும் வந்துவிடும்.

அந்தக் குழந்தையின் அம்மாவிடம் நான் இரண்டாம் முறை போனது, வீடியோவுக்காக மன்னிப்புக் கேட்க. அவள் பேசவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். ரொம்ப நேரம் கழித்து, “நா என்னா பண்ணிட்டிருந்தேன்னு கேட்டாங்கல்லக்கா, காட்டுறேன் இருங்க” என்று சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்துக் கவிழ்த்தாள். முழுக்க ஓபி சீட்டு. பதினாலு மாசத்தில் முப்பத்தோரு சீட்டு. சிலதின் பின்பக்கம் பென்சிலில் ஆட்டோ காசு எழுதியிருந்தது. ஒரு சீட்டில் மஞ்சள் கறை, கல்யாண வீட்டிலிருந்து அப்படியே ஓடியதாம். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்கினோம். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டை வைத்தாள். சீட்டில் பதிவான நேரம் கம்ப்யூட்டரில் அச்சாகியிருந்தது. எண்ணிப் பார்த்தால், முப்பத்தொன்றில் இருபத்திரண்டு மாலை ஆறு மணிக்குப் பிறகு.

நாங்கள் திண்ணையில் வாய்வார்த்தையாகச் சொன்னதை அந்தத் தரையில் கண்ணால் பார்த்தோம். அப்புறம் இன்னும் நாலு வீட்டுச் சீட்டுகளையும் வாங்கி அதே மாதிரி எண்ணினோம். பிள்ளைக்கு வீசிங் ஏன் வருகிறது என்று நாங்கள் எதையும் சொல்லவில்லை, அதை டாக்டர்தான் சொல்ல முடியும். எந்த நேரத்தில் வருகிறது என்பதை மட்டும் காட்டினோம். அதை மறுக்க யாராலும் முடியவில்லை.

சீட்டு இல்லாத வீடுகளுக்கு நோட்டு. கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். தேதி, மணி, என்ன வாடை, காற்று எந்தப் பக்கம், யாருக்கு என்ன ஆச்சு, எங்கே போனார்கள், எவ்வளவு செலவு. வாடையை உங்கள் வாயில் வருகிற பெயரிலேயே எழுதுங்கள். எங்கள் பெண்கள் ‘கோஸ் வேகுற வாடை’ என்றும் ‘பெயின்ட் வாடை’ என்றும் பிரித்துச் சொல்வார்கள். அதுவே விசாரணைக்கு வருகிறவருக்குப் பெரிய துப்பு. காற்றுக் கட்டத்தை நிரப்ப எண்ணூர் குப்பத்துப் பெரியவர் ஒருவர் கற்றுக்கொடுத்தார், வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்றா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா என்று கேட்டே பழக்கினார். ராத்திரி எழுந்தால் மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அப்போதே எழுதினால்தான் மணி சரியாக இருக்கும்.

நோட்டோடு அரசாங்கத்தின் அளவையும் சேருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப்பில் மணலி நிலையத்தின் காற்று அளவு தெரியும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதே தேதிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பிஎம் 2.5 என்ற நுண்தூசி 24 மணி நேர சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15. ஆப்பில் பெரிதாகத் தெரிகிற ஏக்யூஐ (காற்றுத் தரக் குறியீடு) எண் வேறு, மைக்ரோகிராம் வேறு. இரண்டையும் குழப்பிப் பேசினால் ஒரே நிமிஷத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார்கள்.

இந்த நோட்டு வேலை சலிப்பாக இருக்கும்போது நான் ‘எல்லா’ (Ella) என்று பெயர் வைத்த ஒரு லண்டன் பிள்ளையின் கதையைச் சொல்வேன். லூயிஷம் பகுதியில், வண்டி ஓயாத சாலைக்குப் பக்கத்து வீடு. ஆஸ்துமாவில் மூன்று வருஷத்தில் கிட்டத்தட்ட முப்பது முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 2013 பிப்ரவரியில், ஒன்பது வயதில் இறந்துபோனாள். அம்மா ரோசமண்ட் கிஸ்ஸி டெப்ரா விடவில்லை. மகளின் கதையை ஊர் ஊராகச் சொன்னார். அதோடு, ஸ்டீபன் ஹோல்கேட் என்ற பேராசிரியர் அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாட்களையும் அந்த நாட்களின் காற்று அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2018-ல் அறிக்கை கொடுத்தார். முதல் மரண விசாரணையின் பழைய தீர்ப்பு ரத்தாகி மறுவிசாரணை நடந்தது. 2020 டிசம்பரில், காற்று மாசும் அவள் மரணத்துக்கு ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். பிரிட்டனில் அதுதான் முதல்முறை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளைச் சட்டமாக்கப் பாருங்கள் என்று அரசாங்கத்துக்கும் எழுதினார். நம்மிடம் பேராசிரியர் இல்லை. ஆனால் சீட்டு இருக்கிறது, தேதி இருக்கிறது, மணலி நிலையத்தின் அளவு இருக்கிறது. நாளைக்கு ஒரு டாக்டர் உதவ வந்தால் அவர் கையில் கொடுக்க இவையெல்லாம் இன்றைக்கே சேர வேண்டும்.

சொல்கிறவரைக் கேட்டுத்தான்

முதல் வீடியோவில் நான் செய்த தப்பு, குழந்தையின் முகத்தைக் காட்டியது. அம்மாவிடம் ‘எடுக்கட்டா?’ என்று கேட்டேன், அவள் தலையாட்டினாள். குழந்தை மூச்சுக்குத் திண்டாடும்போது தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது இரண்டு முறை கேட்கிறேன், நடுவில் ஒரு ராத்திரி விட்டு. முதல் நாள் கேட்டு, மறுநாள் எடுத்ததைப் போட்டுக் காட்டி மறுபடியும் கேட்பது. கேட்கும்போது நல்லதை மட்டும் சொல்லாமல் கெட்டதையும் சொல்லுங்கள். வீட்டுக்காரம்மா பார்ப்பாள், வேலை கொடுக்கிறவர் பார்ப்பார், மாமியார் வீட்டு வாட்ஸ்அப்பில் வரும், ஒருமுறை ஃபார்வர்ட் ஆனால் நான் அழித்தாலும் முழுக்க அழியாது. இதையெல்லாம் கேட்டபிறகும் ‘போடுங்க’ என்றால் போடலாம். முகம் வேண்டாம் என்றால் கை, குரல், வாசல்படி, மருந்து டப்பா. குழந்தை என்றால் அம்மாவே சரி என்றாலும் முகம் வேண்டாம்.

நோய்க்கு நோய் வித்தியாசம் இருக்கிறது. எச்ஐவி என்றால் 2017-ம் வருஷச் சட்டமே இருக்கிறது, ஒருவரின் அனுமதி இல்லாமல் அதை வெளியே சொல்லக் கூடாது. டிபிக்கு ஊர் வாய்தான் பெரிய பயம். காசிமேட்டில் மீன் வெட்டும் அக்கா ஒருவர், மருந்து முழுசாகச் சாப்பிட்டு நன்றாக ஆனவர், அருமையாகப் பேசுவார். ஆனால் “பொண்ணுக்கு இடம் பாத்துனுகிறோம் கண்ணு, இப்போ வேணாம்” என்றார். அத்தோடு விட்டேன். திரும்பக் கேட்கவில்லை.

தானே முன்வந்து சொல்கிறவர்களின் கதைக்கு இருக்கிற பலம் வேறு. மும்பைப் பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசனுக்கு டிபி மருந்தின் பக்க விளைவால் காது கேட்காமல் போனது. அதை அவர் மறைக்கவில்லை, எழுதினார், மேடையில் பேசினார். அதோடு நிற்காமல், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயோடு சேர்ந்து, பெடாகுயிலின் என்ற புது டிபி மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கக் கூடாது என்று 2019-ல் காப்புரிமை அலுவலகத்தில் முறைப்படி எதிர்ப்புத் தாக்கல் செய்தார்கள். 2023 மார்ச்சில் அந்த நீட்டிப்பு மறுக்கப்பட்டது. கதை மட்டும் இருந்திருந்தால் விருது கிடைத்திருக்கும். தாக்கல் செய்த தாளும் இருந்ததால், விலை குறைந்த மருந்தை மற்றவர்களும் தயாரிக்க வழி பிறந்தது.

ஒன்றரை நிமிஷம்

எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் விடாமல் சொல்வது சிலதுதான். ஃபேனையும் மிக்ஸியையும் நிறுத்துங்கள், வாசல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். ஷேர் ஆட்டோவில் சத்தமில்லாமல் பார்க்கிறவர்கள் அதிகம், அதனால் பேசுவதை எழுத்தாகவும் கீழே ஓட விடுங்கள். சோகப் பாட்டுச் சேர்க்காதீர்கள். அந்த மெஷினின் ‘உர்ர்’ சத்தமே போதும்.

அமைப்பு முக்கியம். மார்ஷல் கான்ஸ் என்று அமெரிக்காவில் பண்ணைத் தொழிலாளர்களோடு பல வருஷம் வேலை செய்தவர், அப்புறம் ஹார்வர்டில் பாடம் நடத்தினார். என் கதை, நம் கதை, இப்போதைய கதை என்று மூன்றாகப் பிரிப்பார். எங்கள் இரண்டாவது வீடியோ அப்படித்தான் வந்தது. முதலில் ஒரு சின்னக் கை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, மெஷின் மாஸ்க்கைப் பிடித்திருக்கிறது. அம்மாவின் குரல்: “ராத்திரி எட்டே முக்கால். கையில நாப்பது ரூபா இருந்துச்சு.” அடுத்து தரையில் சீட்டுகள், மேலே புளியங்கொட்டைகள், இருபத்திரண்டு வரை எண்ணும் ஒரு கை. கடைசியில் தெருப் பெண்கள் பதினோரு பேர், ஒருத்தி மட்டும் பேசுகிறாள்: எங்களுக்கு மாலை 5 முதல் 9 வரை ஒரு நர்ஸ் வேண்டும், இன்ன தேதியில் இன்ன அலுவலகத்தில் மனு கொடுத்தோம், மனு எண் இது.

மனு எண் சொல்லி முடிக்கிற வீடியோவை எந்த அதிகாரியும் வெறும் புலம்பல் என்று ஒதுக்க முடியாது. அவர் கம்ப்யூட்டரில் அந்த எண்ணை அடித்தால் அது திறக்கும்.

‘ஏழைகள்’, ‘ஒன்றும் தெரியாத மக்கள்’ என்ற வார்த்தைகளை நான் வெட்டிவிடுவேன். முப்பத்தோரு சீட்டைத் தேதி மாறாமல் பாதுகாத்த பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதில் கவனம் வேண்டும். ‘இந்தக் கம்பெனிதான் கொல்கிறது’ என்று எழுதினால் அவதூறு வழக்கு வரலாம், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 356 அதற்குத்தான் இருக்கிறது. ‘11.40-க்கு இந்த வாடை வந்தது, எனக்குக் கண் எரிந்தது, இதோ நோட்டு’ என்று நீங்கள் பார்த்ததை, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். வேறு ஊர், வேறு வருஷப் படங்களைத் தெரியாமல்கூடப் போட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை வேறொரு வருஷத்து வெள்ளப் படத்தை ஃபார்வர்ட் செய்துவிட்டேன். அதைக் கவனித்த ஒரு அதிகாரி எங்கள் அடுத்த மூன்று மனுவையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார். அந்த நம்பிக்கையை மீட்க ஒரு வருஷம் ஆனது.

எங்கே போடுவது

தெருவைத் திரட்ட வாட்ஸ்அப். பக்கத்துத் தெருக்களையும் குடியிருப்போர் சங்கங்களையும் பிடிக்க ஃபேஸ்புக். காலேஜ் பிள்ளைகளுக்கு இன்ஸ்டா. அதிகாரிகளும் நிருபர்களும் பார்ப்பது எக்ஸ். எக்ஸில் இருபது பேரை டேக் செய்தால் ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள். கையெழுத்துப் போட வேண்டிய ஒரு அலுவலகத்தை மட்டும் டேக் செய்யுங்கள். ஒரே வாசகத்தை ஐம்பது பேர் வெட்டி ஒட்டாதீர்கள். ஆளுக்கொரு வரி, அவரவர் வீட்டில் நடந்ததை எழுதட்டும். ‘எங்க வீட்டில ஏழு சீட்டு’ என்று ஒருத்தி எழுதினாள், ‘எங்க வீட்டில் சீட்டே இல்ல, அப்பா ஆட்டோ ஓட்டுறதால நேரா கூட்டினு போய்டுவாரு’ என்று இன்னொருத்தி எழுதினாள். அதைப் படித்துத்தான் ஒரு நிருபர் எங்களைக் கூப்பிட்டார்.

நிருபர் வந்தால் சொற்பொழிவு வேண்டாம். நோட்டையும் சீட்டையும் காட்டுங்கள், சீட்டில் உள்ள பெயரை மறைத்து. பத்திரிகையில் வருவதற்கு இன்னொரு பலனும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம் பக்கத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். இரண்டையும், சுற்றுச்சூழல் வழக்குகளைப் பார்க்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, செய்திகளைப் பார்த்துத் தானாகவே வழக்காக எடுத்தது. அந்த மாதிரி ராத்திரியில் முதல் வேலை ஓடுவது, மூக்கில் ஈரத்துணி கட்டுவது, 108-க்கு அடிப்பது. பத்திரமான இடத்துக்குப் போனபிறகு, யாருக்கு என்ன ஆச்சு, எத்தனை மணிக்கு என்று குரலில் பதிந்து வையுங்கள். இருட்டில் எடுத்த வீடியோவைவிட மணி சொல்லிப் பேசிய அரை நிமிஷக் குரல் பின்னால் அதிகம் உதவும்.

தாள் வேலை

மனுவைக் கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம், முதல்வரின் உதவி மையம் 1100-ல் பதியலாம், வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது எழுந்து நின்று பேசித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லலாம். எங்கே கொடுத்தாலும் நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். மனு ஒரு பக்கம், கோரிக்கை முதல் வரியிலேயே. சீட்டுக் கணக்கு இணைப்பாக.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும், உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘ஏன் ஆள் போடவில்லை?’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ‘இந்த நிலையத்துக்கு அனுமதித்த நர்ஸ் பணியிடம் எத்தனை, இன்றைய தேதியில் நிரம்பியது எத்தனை, வருகைப் பதிவேட்டின் நகல்’ என்று இருக்கிற தாளைக் கேளுங்கள். எங்களுக்கு வந்த பதிலில் ஒரு பணியிடம் காலி என்று இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் புதிதாக எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, காலியை நிரப்பச் சொன்னோம், அவ்வளவுதான்.

பெரிய ஆலை, துறைமுகம், அனல்மின் நிலைய விரிவாக்கம் என்று வரும்போது நமக்குக் கிடைக்கிற மேடை பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006-ம் வருஷ சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்னால் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும், அறிக்கைச் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், கூட்டம் முழுக்க வீடியோவில் பதிவாக வேண்டும், பேசியதன் தொகுப்பை முடிவில் எல்லார் முன்னிலும் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். கடைசி விஷயத்துக்காகவே பந்தலில் கடைசி வரை உட்காருங்கள். பசி வரும், வெயில் இருக்கும், முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிடுவார்கள். வாசிக்கும்போது நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே கையைத் தூக்குங்கள். பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிஷம்தான், கூச்சலும் இருக்கும். எங்கள் பெண்களை வீட்டில் அடுப்படியில் நின்று மூன்று முறை பேசிப் பார்க்கச் சொல்வேன். ‘என் பெயர், என் தெரு, என் பிள்ளைக்கு இது நடந்தது, உங்கள் அறிக்கையின் இன்ன பக்கத்தில் எங்கள் குப்பமே இல்லை, அதைச் சேர்க்காமல் அனுமதி கொடுக்கக் கூடாது.’ அதையே எழுத்திலும் கொடுத்து சீல் வாங்குங்கள். மைக் அணைந்தாலும் அந்தத் தாள் கோப்போடு டெல்லி வரை போகும்.

எங்கள் நர்ஸ் வர ஒன்றேமுக்கால் வருஷம் ஆனது. நடுவில் கொரோனா வந்தது, அதிகாரி மாறினார், கோப்பைக் காணோம் என்றார்கள். சீல் போட்ட நகல் இருந்ததால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு அசைவையும், நல்லதோ கெட்டதோ, தெரு வாட்ஸ்அப்பில் அன்றைக்கே போட்டோம். சீட்டைக் கொடுத்தவர்களுக்கு அது என்ன ஆச்சு என்று தெரியாமல் இருந்தால் அடுத்த முறை மஞ்சப்பையைத் திறக்க மாட்டார்கள். முதல் சாயங்காலம் மெஷின் ஓடியபோது அந்தப் பதினோரு பெண்களும் போய் நின்றோம். நர்ஸம்மா பயந்தேபோனார், ஏதோ சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று.

போன வருஷம் அந்தக் குழந்தையே என்னைத் தேடி வந்தாள். இப்போது ஏழாவது படிக்கிறாள், என் தோளுக்கு வந்துவிட்டாள். “ஆன்ட்டி, அந்த வீடியோல என் கை இருக்குல்ல. ஸ்கூல்ல கயித்தப் பாத்துக் கண்டுபுடிச்சிட்டாங்க. எடுத்துடுறீங்களா?” முகத்தை மறைத்தேன் என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன், கயிற்றை யோசிக்கவே இல்லை. ஏன் என்று கேட்கவில்லை, இன்னும் ஒரு கூட்டத்தில் காட்டிவிட்டு எடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை. அவள் நின்றுகொண்டிருக்கும்போதே ஃபேஸ்புக், இன்ஸ்டா, எக்ஸ் மூன்றிலும் எடுத்தேன், வைத்திருந்த குழுக்களுக்கும் அழிக்கச் சொல்லிச் செய்தி போட்டேன். அவளையே பார்த்துச் சரி சொல்லச் சொன்னேன். ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள், கயிறு இல்லை, கழற்றிவிட்டாளாம்.